கேமரன் அம்மையாரின் மங்கலான படங்கள்

எங்கள் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். கையில் ஒரு செல்போன். அதில் அவர் தம் பாட்டியை எடுத்த படங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன.

"சார், ஒண்ணுகூட சரியா வரலை. பாட்டி முகம் பாட்டி மாதிரியே இல்லை. நல்ல காமிரா ஒண்ணு வாங்கணும். எது வாங்கலாம்னு சொல்லுங்க. அப்பா கடன் வாங்கியாவது தர்றேங்கிறார்" என்றார்.

படங்களைப் பார்த்தேன். பாட்டி சுவரோரமாக விறைத்து நிற்கிறார். தலைக்கு நேர் மேலே டியூப்லைட். பக்கத்தில் காலண்டர், சுவிட்சுப் பலகை, தண்ணீர்க் குடம், ஒரு மடக்கு நாற்காலி. பாட்டி படத்தில் கால் பங்குகூட இல்லை. ஆனால் தெளிவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலண்டரில் தேதியைப் படிக்க முடிந்தது. பாட்டியின் கண்களைத்தான் பார்க்க முடியவில்லை. புருவத்தின் நிழல் அவற்றை மறைத்துவிட்டது.

எந்தக் காமிரா வாங்கலாம் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அதற்குப் பதில், ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன் காமிராவைக் கையிலெடுத்த ஓர் அம்மையாரின் கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். இடையில் ஒரு கணக்கு வரும். ஒன்றே ஒன்றுதான், பயப்பட வேண்டாம்.

அந்த அம்மையாரின் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில், ஃபிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் குடும்பத்துடன் வாழ்ந்தார். 1863-ஆம் ஆண்டு டிசம்பரில் அவருடைய மகளும் மருமகனும் அவருக்கு ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். பொழுது போகட்டும் என்றுதான். அப்போது அவருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளின் தாய். காமிராவை எங்கே வைப்பது, குவியத்தை எப்படிச் சரிசெய்வது என்பதொன்றும் அவருக்குத் தெரியாது. முதலில் எடுத்த படத்தைத் தெரியாமல் கையால் தேய்த்து அழித்துவிட்டதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். நிலக்கரி போட்டு வைத்திருந்த அறையை இருட்டறை ஆக்கினார். கோழிக்கூண்டைக் காலி செய்து, கண்ணாடி பதித்துப் படமெடுக்கும் கூடமாக மாற்றிக்கொண்டார்.

அன்று படமெடுப்பது எவ்வளவு தொல்லை பிடித்த வேலை தெரியுமா? ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்னும் பசை போன்ற திரவத்தைச் சீராக ஓடவிட வேண்டும். தகட்டைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காயுமுன் காமிராவில் செருகிப் படமெடுத்து, ஈரம் காயுமுன்னரே இருட்டறைக்கு ஓடி அதை உருத்துலக்க வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். 1851-இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறை இது. சில்வர் நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துப் போகும்; வேதியியல் சோதனைச் சாலையில் நீங்களே பட்டறிந்திருப்பீர்கள். கேமரன் அம்மையாரின் கைகளும் உடைகளும் எப்போதும் கறையோடுதான் இருக்குமாம்.

இப்போது அவருடைய காமிராவைப் பார்ப்போம். அதில் இருந்தது பாரிசில் செய்யப்பட்ட ஜாமின் லென்ஸ். குவியத் தூரம் ஏறத்தாழ 12 அங்குலம், அதாவது 30 செ.மீ. அந்த லென்ஸில் ஒரு கோளாறு உண்டு. அதைப் புரிந்துகொள்ள உங்கள் பாடப் புத்தகத்து முப்பட்டகத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். கண்ணாடி நீல ஒளியைச் சிவப்பு ஒளியைவிட அதிகமாக வளைக்கிறது அல்லவா? லென்ஸும் அப்படியே. நீல ஒளி லென்ஸுக்குச் சற்று அருகில் குவிகிறது. சிவப்பு ஒளி சற்றுத் தள்ளிக் குவிகிறது. இதற்கு நிறப்பிறழ்ச்சி என்று பெயர். இருவகைக் கண்ணாடிகளை ஒட்டி இதைத் திருத்தலாம். ஜாமின் லென்ஸில் அது முழுமையாகத் திருத்தப்படவில்லை.

இதனால் வந்த வினை என்ன? தேய்த்த கண்ணாடித் திரையில் பிம்பத்தைப் பார்த்துக் குவியத்தைச் சரிசெய்வது மனிதக் கண். அதற்கு மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளிதான் மிகப் பிரகாசமாகத் தெரியும். ஆனால் கொலோடியன் தகட்டுக்கு மஞ்சளும் சிவப்பும் தெரியவே தெரியா. அது நீலம், ஊதா, புற ஊதா ஆகியவற்றை மட்டுமே உணரும். ஆகவே கண் தெளிவாகக் கண்ட இடம் ஒன்று. தகடு தெளிவாகக் காண வேண்டிய இடம் வேறொன்று. கேமரன் அம்மையாரின் முதல் படங்கள் மங்கலாக வந்ததில் வியப்பில்லை.

அன்றைய புகைப்படப் பத்திரிகைகள் அவரைச் சும்மா விடவில்லை. படம் குவியத்தில் இல்லை, தகட்டில் கீறல், கறை, கைரேகை என்று கண்டித்து எழுதின. கருவியைக் கையாளத் தெரியாதவர் என்பதே அவற்றின் தீர்ப்பு. ஓவியர்களோ அவரைப் பாராட்டினார்கள். லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-ஆம் ஆண்டிலேயே அவருடைய படங்களை விலைகொடுத்து வாங்கியது. அதாவது, அவர் காமிராவைத் தொட்டு இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள்!

யார் சொன்னது சரி? அந்தப் படங்களை எடுத்தது பழுதுள்ள லென்ஸா, பார்க்கத் தெரிந்த கண்ணா?

இயற்பியல் மாணவர்களாகிய நமக்கு இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு விளைவுக்கு எது காரணம் என்று தெரிய வேண்டுமானால், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். லென்ஸை மாற்றினால் என்ன ஆகும்? அந்தச் சோதனை உண்மையிலேயே நடந்தது. 1866-ஆம் ஆண்டளவில் அவர் 15-க்கு 12 அங்குலத் தகடு கொள்ளும் பெரிய காமிராவுக்கு மாறினார். டால்மேயர் நிறுவனத்தின் புதிய லென்ஸ் ஒன்றையும் பயன்படுத்தினார். 30 அங்குலக் குவியத் தூரம் கொண்ட அது, அக்காலத்தின் தலைசிறந்த லென்ஸ்களில் ஒன்று. நிறப்பிறழ்ச்சி நன்கு திருத்தப்பட்டது. கட்டடங்களையும் நிலக்காட்சிகளையும் கூர்மையாகப் படமெடுப்போர் விரும்பி வாங்கியது. லென்ஸ் மாறியது. படங்கள்? அதே மென்மை, அதே இருள், அதே முகங்கள். பார்த்த உடனே இவர் எடுத்தது என்று சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு கெட்டிக்கார மாணவி எழுந்து நிற்பாள். "சார், இது சரியான சோதனை இல்லையே! லென்ஸோடு தகட்டின் அளவையும் மாற்றிவிட்டாரே. பெரிய தகட்டில் முகம் பெரிதாக விழும். பெரிய பிம்பத்தில் தெளிவாக விழும் ஆழம் குறைந்துவிடும். அதனாலும் படம் மங்கலாகலாம் அல்லவா?"

சரியான கேள்வி. ஆகவே நான் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். பழைய லென்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். குவியத் தூரம் 30 செ.மீ. ஒளி நுழையும் துளையின் விட்டம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முகம் உண்மை அளவில் மூன்றில் ஒரு பங்காகத் தகட்டில் விழ வேண்டுமானால், காமிராவுக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் 1.2 மீட்டர். லென்ஸ் சூத்திரத்தைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம். ஒரு புள்ளி படத்தில் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் பரவினால் மங்கல் என்று கொள்வோம். அப்படியானால் முகத்தில் தெளிவாக விழும் ஆழம் எவ்வளவு? ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே! கண்ணைக் குவியத்தில் வைத்தால் காது மங்கும்.

இப்போது அதே காமிராவை 5 மீட்டர் பின்னுக்கு நகர்த்துங்கள். அமர்ந்திருப்பவர் உண்மை அளவில் இருபதில் ஒரு பங்காகச் சிறுத்து, தலை முதல் கால் வரை தகட்டில் விழுவார். தெளிவாக விழும் ஆழம் இப்போது ஏறத்தாழ 1 மீட்டர். மூக்கு, காது, நாற்காலி, பின்னால் தொங்கும் திரை எல்லாம் தெளிவு. லென்ஸ் அதே லென்ஸ்தான்.

அன்றைய புகைப்படக் கூடங்கள் செய்ததும் இதைத்தான். சற்றுத் தள்ளி நின்று, தூண், திரை, பூந்தொட்டி சகிதமாக முழு உருவத்தை எடுத்துச் சிறிய அட்டைகளில் ஒட்டி விற்றன. கேமரன் அம்மையாருக்கும் அது தெரியும். சற்றே பின்னால் நகர்ந்திருந்தால் பத்திரிகைகளின் ஏச்சில் பாதி நின்றுபோயிருக்கும். அவர் நகரவில்லை. முகத்தை நெருங்கியே நின்றார். என்னைப் பொறுத்தவரை, லென்ஸ் மாற்றத்தைவிட இதுதான் பலமான சான்று.

அவரே இதைப் பற்றி நேர்மையாக எழுதியிருக்கிறார். முதலில் படம் மங்கலாக வந்தது தற்செயல் என்பதை அவர் மறைக்கவில்லை. பின்னர் குவியத்தைத் திருகிக்கொண்டே வரும்போது, தம் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்திலேயே கையை நிறுத்திக்கொண்டதாகவும், மற்றவர்களைப்போல் மேலும் கூர்மையாக்க முனையவில்லை என்றும் சொல்கிறார். 1864-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், எது முறையான குவியம் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது என்றே கேட்டுவிட்டார்.

அந்த நண்பர் யார் தெரியுமா? சர் ஜான் ஹெர்ஷல். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகன். தாமே பெரிய வானியலர். 'ஹைப்போ' என்று நாம் அழைக்கும் உப்பு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று 1819-இல் கண்டவர். 1839-இல் புகைப்படம் பிறந்தபோது, படத்தை நிலைநிறுத்த அந்த உப்புதான் கைகொடுத்தது. ஒளியியலை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அத்தகைய மனிதரிடம் போய் 'குவியம் என்றால் என்ன?' என்று கேட்க எவ்வளவு துணிவு வேண்டும்!

1867 ஏப்ரலில் அம்மையார் ஹெர்ஷலின் வீட்டுக்கே போய் அவரைப் படமெடுத்தார். ஹெர்ஷலுக்கு வயது 75. நரைத்த முடியைக் கழுவிக் கலைத்துவிடச் சொன்னாராம். தோளில் ஒரு கருந்துணி. பின்புலம் முழுக்க இருட்டு. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி. முடி ஒவ்வொன்றும் ஒளியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சுற்றி நிற்க, இருட்டுக்குள்ளிருந்து இரண்டு ஈரமான கண்கள் நம்மைப் பார்க்கின்றன. நெற்றியின் சுருக்கங்களை எண்ணலாம். தோளும் துணியும் கரைந்து போகின்றன. வாழ்நாள் முழுவதும் இரவில் விழித்து விண்மீன்களைப் பார்த்த ஒரு கிழவர் இவர் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. உங்கள் பள்ளி நூலகத்திலோ இணையத்திலோ இந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். கதையை நம்புவதைவிடப் படத்தைப் பார்ப்பது மேல்.

இதில் கருவியின் பங்கு என்ன? ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்ததற்கு லென்ஸ் காரணமில்லை; அவர் திரைகளை இழுத்துவிட்டதே காரணம். பின்புலத்தில் நாற்காலி இல்லாததற்கும் லென்ஸ் காரணமில்லை. ஆனால் இன்னொன்று கருவியால் வந்தது. அம்மையார் ஒரு படத்துக்கு 3 முதல் 7 நிமிடம் வரை தகட்டை ஒளிக்குத் திறந்து வைப்பார். அவ்வளவு நேரம் ஒருவர் சிரித்த முகமாக உட்கார முடியுமா? நீங்களே கண்ணாடி முன் முயன்று பாருங்கள். இரண்டாவது நிமிடத்தில் சிரிப்பு வலிப்பாக மாறிவிடும். முகம் தன் இயல்புக்குத் திரும்பி, உள்ளுக்குள் ஆழ்ந்துவிடும். தகட்டின் மந்தத்தால் நேர்ந்த அந்த அமைதியையும் அவர் பயன்படுத்திக்கொண்டார்.

அப்படியானால் கருவி எதுவாயிருந்தாலும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வருகிறேனா? இல்லை. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்வார்கள். கேமரன் அம்மையாரின் காமிராவால் ஓடும் குழந்தையை எடுக்க முடியாது. பறக்கும் கொக்கை எடுக்க முடியாது. அதே ஈரக் கொலோடியன் தகட்டைக் கொண்டு 1878-இல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் பாயும் குதிரையைப் படமெடுத்தார். குதிரை பாயும்போது நான்கு குளம்புகளும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது கேள்வி. வரிசையாக 12 காமிராக்கள். குதிரையின் பாதையில் குறுக்கே கட்டிய நூல்கள். நூலை இழுத்தவுடன் மின்சாரத்தால் திறந்து மூடும் மூடிகள். ஒரு படத்துக்குக் கிடைத்த நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கலிஃபோர்னியாவின் வெயிலும் வெள்ளைப் பின்புலமும் உதவின. குதிரை கறுப்பு நிழலுருவாகத்தான் விழுந்தது. அதுவே போதும், குளம்புகள் தெரிந்தன. நான்கும் தரையை விட்டு எழுவது உண்மை என்று தெரிந்தது. ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்களை முன்னும் பின்னும் நீட்டியபோது அல்ல, வயிற்றுக்குக் கீழே மடக்கியபோது!

அந்தக் கருவியில்லாமல் அந்த விடை கிடைத்திருக்காது. ஆனால் கடையில் அப்படியொரு கருவி இல்லை. தமக்கு என்ன தெரிய வேண்டும் என்று மைபிரிட்ஜுக்குத் தெரிந்திருந்ததால் அதைச் செய்துகொண்டார்.

கேமரன் அம்மையாரின் பிற்கால வாழ்வு நம் அண்டை நாட்டில் கழிந்தது. அவர் கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875-இல் இருவரும் அங்கே குடியேறினார்கள். களுத்துறையில் ஊர்மக்களையும் தொழிலாளர்களையும் அவர் படமெடுத்தார். மேரியன் நார்த் என்னும் தாவர ஓவியரைத் தென்னங்கீற்றுகளுக்கிடையே, சுடுகின்ற நண்பகலில், கம்பளிச் சால்வை போர்த்தி நிற்கவைத்து, இயல்பாக இருக்கச் சொன்னாராம்! அந்த ஓவியரே இதை வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். இலங்கைப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. 1879 ஜனவரி 26-இல் அம்மையார் காலமானார். பொகவந்தலாவையில் தேவாலயத் தோட்டத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

இன்றைய செல்போனுக்கு வருவோம். அதன் லென்ஸின் குவியத் தூரம் சில மில்லிமீட்டர்களே. ஆகையால் அதில் தெளிவாக விழும் ஆழம் மிக அதிகம். பாட்டியும் தெளிவு, காலண்டரும் தெளிவு. முகம் மட்டும் தெளிவாகி மற்றவை மங்க வேண்டும் என்று விரும்புவோருக்காக, போனுக்குள் இருக்கும் கணிப்பொறி கணக்குப் போட்டுப் பின்புலத்தை மங்கலாக்கித் தருகிறது. அன்று பத்திரிகைகள் எதைக் குற்றம் என்றனவோ, அதையே இன்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். கேமரன் அம்மையார் பார்த்தால் சிரித்திருப்பார்.

என்னிடம் வந்த மாணவர் புதிய காமிரா வாங்கினாரா என்று கேட்பீர்கள். வாங்கிவிட்டார். கதை கேட்டு யார் மனம் மாறுகிறார்கள்! ஒரு மாதம் கழித்து அதில் எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டினார். பாட்டி, டியூப்லைட், காலண்டர். காலண்டரில் இப்போது பஞ்சாங்கக் குறிப்புகளையும் படிக்க முடிந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு சோதனையைத் திட்டமிட்டோம். அதை நீங்களும் செய்யலாம்.

வீட்டில் யாராவது பெரியவர் ஒருவரை வாசற்படியருகே, நேர் வெயில் படாத இடத்தில், வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும்படி உட்கார வையுங்கள். வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். வீட்டில் எந்தக் காமிரா இருக்கிறதோ அதுவே போதும். கணக்குப் போட்டு மங்கலாக்கும் வசதி வேண்டாம். இனி ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அவர் வாசலிலிருந்து 1 மீட்டர் உள்ளே இருக்கும்போது ஒரு படம், 2 மீட்டரில் ஒன்று, 3 மீட்டரில் ஒன்று. வாசல் பெரிய ஒளிமூலம் ஆகையால் எதிர் இருமடி விதி இங்கே அப்படியே பொருந்தாது. முகத்தின் ஒளிப்பக்கமும் நிழற்பக்கமும் எப்படி வேறுபடுகின்றன என்று மட்டும் கவனியுங்கள். அடுத்து, அவர் ஓரிடத்திலேயே இருக்கட்டும். நீங்கள் 3 மீட்டரிலிருந்து அரை மீட்டர் வரை நெருங்கி வாருங்கள். எங்கே நின்றபோது அவர் முகம் உங்களுக்குத் தெரிந்த முகமாக இருந்தது? அவரோடு பேசிக்கொண்டே எடுங்கள். மாணவரின் பாட்டி, மூன்றாம் நாள், தம் ஊரில் கிணறு வெட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அவருக்கு ஒரு நல்ல படம் கிடைத்தது. அது பழைய செல்போனில் எடுத்தது. புதிய காமிராவுக்கு அன்று மின்னேற்ற மறந்துவிட்டாராம்.

ஜாமின் லென்ஸின் கோளாறைக் கண்ணால் காண விரும்புவோருக்கு ஒன்று. பள்ளிச் சோதனைச் சாலையில் 20 செ.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்ஸ் இருக்கும். ஓர் அட்டையில் கூட்டல் குறி போல் துளை வெட்டி, அதன் பின்னால் சிவப்பு எல்.இ.டி. விளக்கை வையுங்கள். அட்டை லென்ஸிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும். மறுபுறம் திரையை நகர்த்தி, பிம்பம் மிகத் தெளிவாக விழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது நீல எல்.இ.டி. விளக்கை வைத்து மீண்டும் பாருங்கள். திரையை ஏறத்தாழ 1 செ.மீ. லென்ஸை நோக்கி நகர்த்த வேண்டியிருக்கும். மூன்று முறை அளந்து சராசரி எடுத்து, உங்கள் அளவீடுகளை, வாசற்படிப் படங்களில் உங்களுக்குப் பிடித்த ஒன்றையும் சேர்த்து, ஆசிரியருக்கு அனுப்பி வையுங்கள். படத்தின் பின்புறம் தேதி, நேரம், வாசலிலிருந்து தூரம் ஆகியவற்றை எழுத மறக்காதீர்கள்.